ஊரார் பேர் வெட்டிய டம்ளர்

எங்கள் வீட்டில் யாரும் தன் பேர் போட்ட டம்ளரில் தண்ணீர் குடித்தது கிடையாது. என் வீட்டுக்காரருக்குச் செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை. அவர் அப்பா காலத்துக் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் பாத்திரம் எடுக்க வருவார்கள். எடுத்த பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பதும் இவர்தான். பேனா மாதிரி ஒரு சின்ன மெஷினைப் பிடித்துக்கொண்டு, கர்ரென்று சத்தம் வர, புள்ளி புள்ளியாக எழுதுவார். நல்ல கை. ஆனாலும் மனுஷன்தானே, எப்போதாவது தவறும். இனிஷியல் மாறிப்போகும். மாமன் பேர் வரவேண்டிய இடத்தில் மச்சான் பேர் விழுந்துவிடும். சில சமயம் பேரெல்லாம் வெட்டி முடித்த பிறகு கல்யாணமே நின்றுபோகும். அப்படி விற்க முடியாமல் போனதெல்லாம் நேராக எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்துவிடும்.

நான் சோறு வடிக்கும் குண்டான் யாரோ ஒரு தாய்மாமன் தன் அக்கா மகளுக்கு வைக்க இருந்த சீர். தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தில் பேர் சரி, ஊர் தப்பு. மோர் ஊற்றி வைக்கும் போசியில் ஒரு குழந்தையின் பேர் இருக்கிறது; காதுகுத்துக்கு முதல் நாள் ஜோசியர் சொன்னார் என்று அந்தக் குழந்தையின் பேரையே மாற்றிவிட்டார்களாம். “பாத்திரத்துல ஓட்டை இருக்குதா? இல்ல. பேருதானே மாறிப்போச்சு, சோறு மாறிடப் போவுதா?” என்பார் இவர். புதுப்பெண்ணாக வந்த நான் கொஞ்ச நாள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். எத்தனை பேரைத்தான் படிப்பது? அந்த எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு டம்ளரில் போட்ட பூ வேலை ஆகிப்போனது.

இதைக் கேட்டுவிட்டு எங்களை இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. வீடு சொந்தம். சிங்கவரம் போகிற வழியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறோம். வருகிற வருமானத்தில் பாதிக்குள் குடும்பம் ஓடவேண்டும், மீதி ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். இவருடைய அப்பா பெரிய கைக்காரர். மகள் கல்யாணத்துக்கு ஊரையே கூட்டிச் செலவழித்துவிட்டு, அடுத்த வருஷம் கடைக்குச் சரக்கு எடுக்க வழியில்லாமல் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பூட்டின கடைக்கு எதிரே நின்று, போகிறவர் வருகிறவர் பேசியதை எல்லாம் இவர் இளம்வயதில் காதால் கேட்டிருக்கிறார். அந்த ஷட்டரைத் திரும்பத் தூக்க இவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் இவரைக் குறை சொல்லும்போதுகூட நான் ஒரு அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் குறை சொல்லாமல் இருக்கவும் முடியாது, சாமி! எண்ணெய் பாக்கெட்டை ஊற்றி முடித்தால் போதாது. கத்தரியால் நாலு பக்கமும் வெட்டி விரித்து, தோசைக்கல்லில் அதைத் தேய்த்தே இரண்டு தோசை வார்த்துவிட வேண்டும். பற்பசை ட்யூபுக்கும் அதே கத்தரிதான். தேய்ந்த சோப்பு புது சோப்பின் முதுகில் ஏறிக்கொள்ளும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. இவர் வேட்டி கிழிந்தால் துண்டு, துண்டு கிழிந்தால் கைப்பிடித் துணி, அதுவும் போனால் தரை துடைக்க. கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம் கடைக்கு எழுத ஆகும். காய்கறிக்குக் காலையில் போகக்கூடாது. பொழுது சாய்ந்து, சிங்கவரத்துக்காரம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். அப்போது கேட்ட விலைக்குக் கிடைக்கும், கூடவே ஒரு கைப்பிடி கொத்துமல்லியும் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஃபேன் சட்டம். செஞ்சி வெயில் தெரியாதவர்களுக்கு இது புரியாது. பகலெல்லாம் காய்ந்த மலை, இருட்டிய பிறகும் அனல் விடும். அந்த ஊரில் இருந்துகொண்டு, ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடினால் இவருக்கு உடம்புக்கே ஆகாது. தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்துவிடும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து அணைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு ஒரே மகள். அவள் எல்லாவற்றிலும் அப்பாவின் பிள்ளை, இதில் மட்டும் இல்லை. ரூமை விட்டு வரும்போது ஃபேனை அணைக்க மறந்துவிடுவாள். “யாரு, காத்து வாங்கறது அங்க? பேயா?” என்று இவர் கத்துவார். “ஆமா நைனா, பாவம், அதுக்கும் வேர்க்குது” என்பாள் அவள். அப்பாவும் மகளும் தினமும் போட்டுக்கொண்ட சண்டை அது ஒன்றுதான்.

நானும் முதலில் அழுதவள்தான். கஞ்சப் பிசினாறிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்று அம்மா வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினேன். நாளாக நாளாக இவரைவிட நான் மோசமாகிவிட்டேன். பூ கட்டி வரும் நூலைப் பந்தாகச் சுற்றி வைப்பவள் இப்போது நான்தான், இவர் இல்லை.

மகள் படித்து முடித்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போனாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். அங்கேதான் எங்கள் சிக்கனம் எங்கள் காலையே வாரிவிட்டது. முதலில் வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்திருந்தது, ஜாதகம் பொருந்தியது. போன பிறகு தரகரிடம், வீட்டைப் பார்த்தால் நொடித்துப்போனவர்கள் மாதிரி இருக்கிறது, கடை பேருக்குத்தான் நடக்கிறதோ என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த கிழிந்த சோபாவையும் நசுங்கின டம்ளரையும் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தார்கள், போனார்கள், அவ்வளவுதான்.   அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை.

மூன்றாவதாக வந்தது அவலூர்பேட்டை இடம். மளிகைக்கடைக் குடும்பம். அப்பா இல்லாத பையன். அம்மாவும் அவனுமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பேரைச் சொல்லமாட்டேன், நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பேர்தான். ஜாதகம் பொருந்தி, போட்டோ பார்த்து, பெரியவர்கள் சம்மதத்தோடு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். ஒரு மாசம் பேசியிருப்பார்கள். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். குரங்கு வந்து வடகத்தைத் தின்பதுகூடத் தெரியாது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவர்கள் பெண் பார்க்க வரும் நாள் முடிவானதும் என்னிடம் வந்தாள். “அம்மா, எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா இனிமே எனக்குப் பார்க்காதீங்க. யாராரோ வந்து ஊட்டைப் பார்த்துட்டுப் போறது போதும்.” கத்தவில்லை, அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல் நிதானமாகச் சொன்னாள்.  இந்தத் தடவை எது நடந்தாலும் டம்ளரால் மட்டும் கெட்டுப்போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இவரிடம் கேட்டேன். “கடையிலேர்ந்து புதுசா ஆறு டம்ளர், தட்டு எடுத்தாங்க. அவங்க போனதும் கழுவித் தொடைச்சுத் திரும்ப வச்சிடலாம்.”

“அதெப்படி? ஒருத்தர் குடிச்ச டம்ளரைப் புதுசுன்னு வேற ஒருத்தருக்கு விக்கறதா? அந்த வேலைய என்னால செய்ய முடியாது.”

“அப்ப அது நமக்கே இருக்கட்டும். ஆறு டம்ளர்ல உங்க குடி முழுவிடுமா?”

“எடுத்துக்கோ. நான் வேணாம்னா சொன்னேன்?” என்றார். சொன்னவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாக ஊறிப்போன என் புத்தி எங்கே போகும்? வீட்டிலேயே நல்லது இருக்கும்போது எதற்குப் புதுசு என்று எனக்கே தோன்றிவிட்டது. பரண்மேல் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. கல்யாணம் நின்றுபோய்த் திரும்பிய ஒரு பெரிய ஆர்டர். தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கும் டம்ளர்கள். எடைக்குப் போட்டால் பாதிகூடத் தேறாது, கிடக்கட்டும் என்று இவர் மேலே ஏற்றி வைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதவை. ஏணி போட்டு ஏறி, ஆறு டம்ளர் உருவி எடுத்தேன். உறையைப் பிரித்துக் கழுவியபோது கண்ணாடியாகப் பளபளத்தன. அதில் வெட்டியிருந்த எழுத்தைக் கையால் தடவியிருப்பேன், கண்ணால் பார்த்திருப்பேன். படிக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் யாரும் படிப்பதில்லையே.

அவர்கள் சாயந்திரமாக வந்தார்கள். பையன், அவன் அம்மா, அம்மாவின் தம்பி, மூன்று பேர்தான். கிழிந்த சோபாவுக்கு மேலே என் பட்டுப்புடவை ஒன்றை மடித்து விரித்திருந்தேன். அந்தம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். சுங்குடிப் புடவை, காதில் பழைய கம்மல். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பஸ்லதாங்க வந்தோம். காரு வச்சிக்கலாம்னு தம்பி சொன்னான், இதுக்குப் போய் எதுக்குன்னுட்டேன்” என்றார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மகள் காபித் தட்டோடு வந்தாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் தட்டைப் பார்த்தாள். இரண்டு பேரும் போனில் பேசிச் சிரித்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஒரு அடக்கம்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், குடித்து முடித்த டம்ளரைத் திருப்பி, இது யார் வீட்டுக் கல்யாணத்து டம்ளர் என்று படிப்பார்கள். பேச்சுக்கு அது ஒரு சாக்கு. ‘ஓ, அவங்க ஊட்டு டம்ளரா, அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது’ என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்தம்மாவும் காபியை அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பி, இடுப்பில் செருகியிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

படித்தார்கள். முகம் அப்படியே இறுகிப்போயிற்று. பக்கத்தில் தம்பி குடித்துக்கொண்டிருந்த டம்ளரைப் பிடுங்கி அதையும் படித்தார்கள்.

“இது எங்க கெடச்சுது உங்களுக்கு?” என்று கேட்டார்கள்.

“கடை டம்ளருதாங்க்கா, இன்னா ஆச்சு?” என்றேன். ஒன்றும் புரியவில்லை எனக்கு.

“எம் புள்ள பேரும் அந்தப் பொண்ணு பேரும் வெட்டுன டம்ளரை, எம் புள்ளைக்கே காபி ஊத்திக் குடுக்கறீங்களே. இதை எங்க தேடிப் புடிச்சீங்க? ஒருவாட்டி நின்னுபோனது தெரியும்னு நேரா கேட்டிருக்கக் கூடாதா? இப்படியா குத்திக் காட்டுவாங்க?”

டம்ளரை வாங்கிப் பார்த்தேன். முதல் பேர், எதிரே உட்கார்ந்திருந்த பையனின் பேர், இனிஷியலோடு. அதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பேர். ஐயோ, கடவுளே! பரண்மேல் இருந்த நின்றுபோன கல்யாணம் இந்தப் பையனுடைய கல்யாணம். அவனுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் நடந்து முறிந்தது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அட, இது அந்த ஆர்டரு இல்ல? பொண்ணோட அப்பாதான் வந்து குடுத்தாரு” என்றார் மெதுவாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனுஷனா இவர்!

தம்பிக்காரர் எழுந்துவிட்டார். “கெளம்புக்கா. மரியாதை தெரியாத எடத்துல நமக்கு இன்னா பேச்சு?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “யாருக்கு மரியாதை தெரியாது? மறைச்சது நீங்க, கோவம் எங்க மேலயா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட அடுத்த நொடி மகளைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மொட்டைமாடியில் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தம்மாவின் கையைப் பிடித்தேன். “அக்கா, நீங்க போறதுன்னா போங்க. போறதுக்கு முன்ன ஒரு நிமிஷம் இப்படி வாங்க” என்று சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வந்தவர்களுக்குக் காட்டக்கூடாது என்று சாத்தி வைத்திருந்த அலமாரி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். “படிங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் படிங்க” என்றேன். சோற்றுக் குண்டானைத் தூக்கிக் கையில் கொடுத்தேன். குழம்புச் சட்டி, போசி, குடம், கரண்டி, சிப்பல் எல்லாவற்றையும் அடுப்புமேடையில் வரிசையாக எடுத்துவைத்தேன். “எங்க வூட்டுக்காரரு பேரு தப்பா வெட்டுனது, நின்னுபோனது, யாரும் வந்து வாங்காம போனது, எல்லாம் இங்கதான் வந்து சேரும். நாங்க எதையும் படிக்கறதில்லக்கா. உங்களுக்குன்னுதான் பிரிக்காத மூட்டைய எறக்குனேன். உங்க முன்னாடி எம் பொண்ணு தலைகுனியக் கூடாதுன்னு எறக்குனேன். எம் பொண்ணு மேல சத்தியமா எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குண்டானைத் திருப்பிப் படித்தார்கள். “இவங்க யாரு?”

“தெரியாதுக்கா.”

குடத்தைப் படித்தார்கள். “இது?”

“ஊர் பேரு தப்பாயிடுச்சு.”

“இந்த டம்ளரு?”

“அது நான் தெனம் காபி குடிக்கறது. கெரகப்பிரவேசத்து டம்ளரு. அண்ணன் பேரு மட்டும் விழுந்துடுச்சு, தம்பி பேரு உட்டுப்போச்சு. தம்பிக்காரன் சண்டை போட்டான்னு அத்தனையும் திருப்பிட்டாங்க.”

அந்தம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார்கள். “எங்க ஊட்ல உடைஞ்ச பருப்பும் புடைச்ச நொய்யும்தான் நாங்க திங்கறது. முழுசா இருக்கறது எல்லாம் கடைக்கு” என்றார்கள். பிறகு அலமாரியை மேலிருந்து கீழ் வரை ஒருதரம் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்கள்: “ஆமா, இதுல உங்க பேரு எங்க?”

நான் அலமாரியைப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. அந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. “இல்லக்கா” என்றேன்.

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது மகள் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பையனுக்கு எதிரே நின்றிருந்தாள். இப்போது முடிவு அவள் கையில் இருப்பது எனக்குப் புரிந்தது. இத்தனை நேரம் அவர்கள் எங்களை வேண்டாம் என்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்; இவள் அவர்களை வேண்டாம் என்றுவிடுவாளோ என்று இப்போது பயம் வந்தது.

“ஒரு மாசம் பேசினோம். நான் சாப்ட்டனா, தூங்கனனான்னு எல்லாம் கேட்டீங்க. இதை ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

பையன் எழுந்து நின்றான். “அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தர் மேல விருப்பம். எங்கிட்டயே போன்ல சொல்லி அழுதுச்சு. நான்தான் எனக்குப் புடிக்கலன்னு சொல்லி நிறுத்துனேன். இப்ப அதுக்குக் கல்யாணம் ஆயி நல்லா இருக்குது. வெளிய சொன்னா ஏன், எதுக்குன்னு கேப்பாங்க. எங்க வாயால அது பேரு கெட வேணாம்னு அம்மா சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. தப்புதான்.”

 வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மகள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு மகராசன் தொண்டையைக் கனைத்தார்.

“இல்ல, நான் இன்னா சொல்றேன்னா… பாதி பேரு சரியாத்தான் இருக்குது. அந்தப் பொண்ணு பேரை மட்டும் பாலீஷ் போட்டு எடுத்துட்டா, அந்த எடத்துல நம்ம பொண்ணு பேரை வெட்டிடலாம். மூட்டை நெறய இருக்குது.”

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. “உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?” என்று நான் ஆரம்பிக்கும்போதே அந்தம்மா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “தம்பி, உக்காருடா” என்றார்கள் தன் தம்பியிடம். “இவரு நம்மள விடப் பெரிய ஆளா இருக்காரு.” பையனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் இவள் போனில் கேட்டிருப்பாள்.

மகள் சிரிக்கவில்லை. அப்பாவிடம் போய் டம்ளரைக் கொடுத்தாள். “வேணாம் நைனா. தேச்சு அழிக்க அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? மூட்டையோட எடைக்குப் போட்டுடு.”

“எடைக்கா?” என்றார் இவர்.

“எடைக்குத்தான்.”

ஒரு ஸ்பூனைக்கூட நஷ்டத்துக்கு விடாத மனுஷன். டம்ளரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். இந்த வீட்டில் அப்படி ஒரு ‘சரி’யை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மகள் என் பக்கம் திரும்பினாள். “காபி ஆறிப்போச்சும்மா. எல்லாருக்கும் வேற போட்டுக் குடு. நம்ம டம்ளர்லயே குடு.” சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையனின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான், அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்பது என் மரமண்டைக்கு ஏறிற்று. நசுங்கின டம்ளர்களில் காபி ஊற்றினேன். சம்பந்தியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்துவிட்டு, “இது மஞ்சத்தண்ணி” என்றார்கள்.

கல்யாணம் சீயமங்கலத்துக்குப் போகிற பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஆடம்பரம் எதுவும் இல்லை. அதற்கு இரண்டு வீட்டிலும் ஆள் கிடையாது. தாம்பூல டம்ளர் மட்டும் புதுசு. இவரே உட்கார்ந்து பேர் வெட்டினார். ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன்னால் வாய்விட்டு ஒருதரம் படித்துக்கொண்டு வெட்டினார். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை.

மகள் அவலூர்பேட்டைக்குப் போய்விட்டாள். அதிக தூரம் இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் வீடு வீடாக இல்லை. மறுவீடு எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் காலையில் காபி போட்டு, வழக்கமான என் டம்ளரை எடுத்தேன். விரலில் ஏதோ சொரசொரப்பாகப் பட்டது. திருப்பினேன். பல வருஷம் கழித்து முதல்முறையாக என் டம்ளரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே அந்தக் கிரகப்பிரவேசத்து அண்ணன் பேர், தேய்ந்து மங்கி. அதற்குக் கீழே புதிதாக, புள்ளி புள்ளியாக, என் பேர்.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பேப்பரைக் கீழே இறக்காமலே சொன்னார்: “உம் பேரு எதுலயும் இல்லன்னு சம்பந்தியம்மா சொன்னாங்கன்னு பொண்ணு போறதுக்கு முன்ன சொல்லிட்டுப் போச்சு. புதுசு எதுக்குன்னு பார்த்தேன். அதுலயே கீழ எடம் இருந்துச்சு.”

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எப்போதும்போல் கோபமும் வந்தது. “அந்த எடம் இத்தனை வருஷமா அங்கதானே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். மகளின் ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று கிளம்பும் அவசரத்தில் அவள் வழக்கம்போல் அணைக்க மறந்திருக்கிறாள். எனக்கு ராத்திரியே காதில் விழுந்தது, அணைக்க மனசு வரவில்லை. இவரும் ராத்திரி ஏனோ எழுந்து போகவில்லை. இப்போது அதை அணைக்கத்தான் எழுந்து போகிறார் என்று தெரிந்தது. வாசற்படியில் நின்று அந்தக் காலி ரூமைப் பார்த்தார். ஸ்விட்சுக்கு நேராகக் கை போனது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் என் டம்ளரில் காபியைக் குடித்தேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.